ஐந்து இலக்கத்தில் உடம்பு



கையில் பேனா இருந்தால் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஐந்து எண்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். நடமாட்டத்தில் சிரமம் உண்டா? குளிப்பதில், உடுத்துவதில் சிரமம் உண்டா? வீட்டு வேலையோ அலுவலகமோ படிப்போ, வழக்கமாகச் செய்வதைச் செய்வதில் தடை உண்டா? வலி, உபாதை ஏதும்? கவலையோ மனச்சோர்வோ? ஒன்றுமில்லை என்றால் 1, லேசாக என்றால் 2, ஓரளவு என்றால் 3, கடுமை என்றால் 4, முடியவே இல்லை, தாங்கவே முடியவில்லை என்றால் 5. போன மாதக் கதை வேண்டாம். இன்றைக்கு எப்படி, அவ்வளவுதான்.

படியேறும்போது முழங்கால் கொஞ்சம் மக்கர் செய்கிறது, லேசாக வலிக்கிறது, பெண்ணின் தேர்வு முடிவை நினைத்து ஓரளவு கவலை என்றால் உங்கள் எண் 21123. இப்படி 11111 தொடங்கி 55555 வரை 3,125 நிலைகள் வருகின்றன. இ.க்யூ.-5டி என்பது இந்தக் கேள்வித்தாளின் பெயர். 1987இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் கூடித் தொடங்கிய யூரோகால் குழு உருவாக்கியது. முதலில் மூன்று படிகள்தான் இருந்தன, பிறகு ஐந்தாக்கினார்கள்.

இத்தனை சின்னக் கேள்வித்தாள் எதற்கு என்று கேட்கலாம். பிறப்பையும் இறப்பையும் பதிவேட்டில் எண்ணிவிடலாம், சராசரி ஆயுளைக் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் முழங்கால் வலியால் பல வருடமாக மாடிக்கே போகாத ஒருவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் சாகவுமில்லை, ஆஸ்பத்திரியில் படுக்கவுமில்லை. அவரைக் கணக்கில் கொண்டுவர அவரையே கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 2009 முதல் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சைக்கு வருபவர்களிடம் அறுவைக்கு முன்பும் சில மாதம் கழித்தும் இதே கேள்விகளைக் கேட்கிறது. ஆபரேஷன் நன்றாக நடந்தது என்று டாக்டர் சொன்னால் போதாது, கால்காரர் சொல்ல வேண்டும்.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். 21123 மோசமா, 11231 மோசமா? வலியோடு வேலைக்குப் போவது பெரிதா, வலியில்லாமல் முடங்கிக் கிடப்பது பெரிதா? இதை நிபுணர்கள் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. 1993இல் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று பிரிட்டனில் ஏறத்தாழ 3,000 சாதாரண மக்களிடம் போய் ஒரு பேரம் பேசியது. இந்த நிலையில் பத்து வருடம் இருப்பீர்களா, அல்லது முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைந்த காலம் போதுமா? எட்டு வருடம் போதும் என்பவருக்கு அந்த நிலையின் மதிப்பு 0.8. ஐந்து போதும் என்றால் 0.5. அப்படி வாழ்வதற்குச் சாவதே மேல் என்று சொல்லவும் இடமிருந்தது. முழு ஆரோக்கியம் 1, மரணம் 0 என்று வைத்தால், பழைய மூன்றுபடிக் கணக்கில் எல்லாமே மிக மோசம் என்ற நிலை அங்கே -0.594இல் போய் நின்றது. மதிப்பை அதிகம் தின்றது கடும் வலி. பிரிட்டனின் நைஸ் அமைப்பு ஒரு மருந்துக்கு அரசுப் பணம் செலவழிக்கலாமா என்று பார்க்கும்போது இத்தகைய மதிப்புகளைக் கொண்டே கூடுதல் வருடங்களை எடை போடுகிறது.

நம் நாட்டில் வெகுகாலம் பிற நாட்டு மதிப்புகளைக் கடன் வாங்கித்தான் கணக்குப் போட்டார்கள். 2022இல்தான் சொந்தப் பட்டியல் வந்தது. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் முன்னின்று, ஐந்து மாநிலங்களில் 3,548 பேரிடம் அந்தப் பேரத்தைப் பேசினார்கள். 55555க்கு இந்தியர்கள் தந்த மதிப்பு -0.923. இங்கேயும் அதிகம் குறைத்தது வலிதான். ஆயுளைப் பேரம் பேசுவதா என்று நம் வீட்டுப் பாட்டிகள் பலர் எழுந்து உள்ளே போயிருப்பார்கள். உட்கார்ந்து பதில் சொன்ன 3,548 பேருக்கும் இந்தப் பக்கத்தின் வழியே ஒரு நன்றி.

ஆனால் மக்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? அமர்த்தியா சென் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய ஒரு சிறு கட்டுரை இதற்கு முட்டுக்கட்டை போட்டது. அன்று அவர் காட்டிய கணக்கில், இந்தியாவில் நீண்ட ஆயுள் கொண்ட கேரளத்தில்தான் தங்களுக்கு நோய் இருப்பதாகச் சொன்னவர்கள் மிக அதிகம். ஆயுள் குறைந்திருந்த பீகாரில் அப்படிச் சொன்னவர்கள் குறைவு. அமெரிக்காவில் கேரளத்தையும்விட அதிகம். படிப்பும் பக்கத்திலேயே ஆஸ்பத்திரியும் உள்ளவருக்குத் தன் உடம்பில் நடப்பது நோய் என்று தெரிகிறது. இரண்டும் இல்லாதவர் மூச்சு வாங்குவதை வயசு என்று எண்ணிக்கொள்கிறார். இடுப்பு வலியோடு விடியற்காலையில் எழுந்து சமைத்து முடிக்கும் பெண்ணிடம் உடம்பு எப்படி என்றால், எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் என்பார். கேட்பதை விட்டுவிடலாம் என்று இதற்காக நான் சொல்ல மாட்டேன். பொதுவாக ஒரு கேள்வி கேட்டு நிறுத்தாமல், நடை, குளியல், வேலை, வலி, கவலை என்று பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும் என்பதற்கே இது சான்று. அவரிடமே கேட்க வேண்டும், வீட்டுக்காரரிடம் இல்லை.

எதைக் கேட்பது என்பதிலும் ஊர் வாசனை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்தபோது, ஒரு நாட்டில் எழுதி மற்ற நாடுகளுக்குப் பெயர்க்கும் வழக்கத்தை விட்டு, பல நாடுகளில் ஒரே சமயத்தில் கேள்விகளைத் திரட்டியது. அதற்காக வேலை செய்த 15 மையங்களில் சென்னையும் ஒன்று. 100 கேள்விகள் கொண்டது அது. பிறகு 26ஆகச் சுருக்கினார்கள். தூக்கம், போக்குவரத்து, கைப்பணம், ஆன்மிக நம்பிக்கை எல்லாம் அதில் வரும். இ.க்யூ.-5டியோ நடக்க முடிகிறதா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா என்பது அதற்குத் தேவைப்படவில்லை. நமக்குத் தேவை.

கண், காது, தூக்கம் என்று ஒட்டுக் கேள்வி ஒன்றைச் சேர்த்துப் பார்க்கும் ஆராய்ச்சிகள் வெளிநாடுகளில் நடந்துவருகின்றன. உங்களிடம் விட்டால் ஆறாவதாக எதைச் சேர்ப்பீர்கள்? ஒரு அஞ்சல் அட்டையில் எழுதி அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். என் ஓட்டு காதுக்கு. கண் போனால் வீடே கைபிடித்து நடத்துகிறது. காது மந்தமான பெரியவரிடம் ஒரு தடவைக்கு மேல் எதையும் திருப்பிச் சொல்ல யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. அவரும் கேட்டது போலத் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்.

அன்புடன்,
ஆசிரியர்