நொடிக்கு ஐம்பது மின்னல்

ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பெங்களூரில் ஒரு திருவிழா. ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்காரர்கள் வண்டிகளைத் துடைத்து ஓரிடத்தில் கூடுவார்கள். இந்த முறை நான் போகவில்லை. என் எஸ்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

நின்ற விதம்தான் வேடிக்கை. காலையில் ஒரே உதையில் கிளம்பும். ஏழெட்டு கிலோ மீட்டர் போனதும் இருமும், சாகும். டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். முதல் மெக்கானிக் பிளக்கை மாற்றினார். அடுத்த வாரம் மறுபடியும் மாற்றினார். மூன்றாவது பிளக்குக்கும் காசு கொடுத்த பிறகு, வில்சன் கார்டன் பக்கம் ஒரு பெரியவரிடம் அனுப்பினார்கள். கிருஷ்ணகிரிக்காரர். "பிளக் பாவம் சார், அது வாய் மட்டும்தான். வயிறு வேற இடத்துல இருக்கு" என்றார்.

வயிறு என்று அவர் சொன்னது இக்னிஷன் காயிலை. இரும்பு உள்ளகத்தின் மேல் இரண்டு சுற்றுகள். ஒன்றில் தடித்த கம்பி சில நூறு சுற்று. மற்றதில் தலைமுடி போன்ற கம்பி பல ஆயிரம் சுற்று. பழைய எஸ்டியில் பேட்டரி ஆறு வோல்ட். சுற்றுகளின் விகிதம் ஒன்றுக்கு நூறு என்று வையுங்கள். ஆறை நூறால் பெருக்கினால் அறுநூறு வோல்ட். பிளக்குக்கு வேண்டியதோ பத்தாயிரத்துக்கு மேல். மீதி எங்கிருந்து வருகிறது?

மின்சாரத்தைத் திடீரென்று வெட்டுவதிலிருந்து வருகிறது. பாயின்ட் மூடியிருக்கும்போது தடித்த சுற்றில் மின்சாரம் ஓடி, உள்ளகத்தில் காந்தப்புலம் சேர்கிறது. எஞ்சின் சுழன்று கேம் பாயின்ட்டைத் திறந்ததும் மின்சாரம் அறுகிறது, புலம் சரிகிறது. எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அவ்வளவு வோல்ட் கிளம்பும். அந்தக் கணத்தில் முதல் சுற்றிலேயே இருநூறு, முந்நூறு வோல்ட் எழும். அதை நூறால் பெருக்கிப் பாருங்கள். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட விதிதான் இது.

ஆனால் அந்த இருநூறு, முந்நூறு வோல்ட் பாயின்ட்டின் சின்ன இடைவெளியையே தாண்டப் பார்க்கும். தாண்டினால் மின்சாரம் முழுசாக அறாது. புலமும் மெதுவாகத்தான் சரியும். அதைத் தடுக்கத்தான் கண்டென்சர். பாயின்ட் திறக்கும் நொடியில் பாய்ந்து வரும் மின்சாரத்தை அது வாங்கிக்கொள்கிறது. கண்டென்சர் செத்தால் பாயின்ட் முனைகள் கருகும், பிளக்கில் பொறி மெலியும். பாயின்ட்டைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டுகிற பலருக்கு இந்தச் சின்ன உருளை மீது சந்தேகமே வருவதில்லை.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு ஐம்பது முறை இந்த நாடகம் முழுவதும் நடந்தாக வேண்டும்.

இனி பிளக். பலரும் அதைக் கழற்றி, சிலிண்டர் ஹெட்டில் சாய்த்து, கிக்கரை உதைத்து, பொறி தெரிந்தால் "கரண்ட் வருது" என்று திருப்திப்படுவார்கள். (பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.) அது பாதி உண்மைதான். வெளிக் காற்றில் அரை மில்லிமீட்டர் சொச்ச இடைவெளியைத் தாண்ட இரண்டு மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அதைப் போலப் பல மடங்கு வேண்டும். வெளியே சிரிக்கிற பிளக் உள்ளே ஊமையாகலாம்.

என் வண்டியில் நடந்ததும் அதுதான். காயிலின் உள்ளே மெல்லிய கம்பிகளைப் பிரித்து வைக்கும் காப்புப் பூச்சு வயதாகி வெடித்திருந்தது. சூடேறினால் மின்சாரம் உள்ளுக்குள்ளேயே குறுக்கு வழி தேடிக்கொள்ளும்; ஆறினால் மறுபடி யோக்கியன். பெரியவர் வண்டியை அரை மணி ஓடவிட்டு, நின்றவுடன் சோதித்தார். காலையில் பளிச்சென்ற நீலப் பொறி, இப்போது மஞ்சளாக, நூல் மாதிரி. ஜே.சி. ரோட்டில் காயில் வாங்கிப் பொருத்தியதோடு தொல்லை தீர்ந்தது.

பிளக் என்றாலே இந்த ஊர்தான் என்று சொல்லிவிடலாம். உயர் அழுத்த மேக்னெட்டோவையும் ஸ்பார்க் பிளக்கையும் 1902இல் சேர்த்து வடிவமைத்தவர் ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தில் இருந்த காட்லோப் ஹோனால்ட். அதே பாஷ் 1951இல் தொடங்கிய மைக்கோ, ஆடுகோடியில் பிளக் தயாரித்தது. நம் ஊர்களில் பிளக்குக்கு இன்னொரு பெயரே மைக்கோ என்றிருந்த காலம் உண்டு. 2008இல் அந்தப் பெயர் போய் பாஷ் லிமிடெட் ஆனது. என் எஸ்டியைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவாவோ 1961இல் தொடங்கி 1996இல் மூடப்பட்டது.

பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் என்ன தெரியும்? "காபிப் பொடி கலர்னா சுகம். கறுப்பா ஈரமா இருந்தா ஆயில் ஜாஸ்தி, இல்ல பொறி கம்மி. வெள்ளையா இருந்தா எஞ்சின் காயுது, உடனே பாருங்க." என் மூன்று பிளக்குகளும் கறுப்பாகத்தான் இருந்தன. முதல் மெக்கானிக் பார்த்ததும் அதே கறுப்பைத்தான். அதை பிளக்கின் குற்றம் என்று எடுத்துக்கொண்டார்.

கழற்றிப் போட்ட இரண்டை அவர் கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்து, பிரஷ் போட்டுத் துடைத்தேன். இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன.