முப்பது மீட்டர் கட்டத்துக்குள் ஒரு வாய்க்கால்

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை ஊரில் நின்று நிமிர்ந்து பார்த்தால் எதிரே இருப்பது தொடர்ச்சியில்லாத தனி மலை என்பது புரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை சுற்றிவருகிற இந்த மலையின் சுமார் 800 மீட்டர் உயரத்திலிருந்து மழைநீர் நாலாபுறமும் இறங்குகிறது. காடு வனத்துறைக்கு, பட்டா நிலம் வருவாய்த் துறைக்கு, தெரு உள்ளாட்சிக்கு என்று நாம் பிரித்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் எல்லாவற்றின் வழியாகவும்தான் வருகிறது.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், இதே மலையின் நகரப் பக்கத்துச் சரிவில் வ.உ.சி. நகர் வீடொன்றின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். ஜிஐஎஸ் எனப்படும் புவித்தகவல் அமைப்புப் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு அந்த வீடுதான் நினைவுக்கு வருகிறது. சரிவின் செங்குத்து, மண், ஓடைத் தடம், வீடுகள், மழையளவு எல்லாம் தனித்தனி அடுக்குகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எந்த வீட்டாரை முதலில் வெளியேற்றுவது என்பதை மழைக்கு முன்பே யோசிக்கலாம்.

ஆனால், இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர். அதற்குள் நாலைந்து வீடுகளும் நடுவே ஒரு வாய்க்காலும் அடங்கிவிடும். கணினிக்கு அத்தனையும் ஒரே உயரம். தண்ணீர் எந்த வாசலில் ஏறும் என்பது அந்தத் தெருவின் பாட்டிக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்டு, கைப்பேசியோடு நடந்து குறித்து, க்யூஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைதான் நமக்குத் தேவை.

1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்த கிண்டி பொறியியல் கல்லூரியில் இன்று புவித்தகவலியல் பட்டப்படிப்பு இருக்கிறது. நல்லது. ஆனால், இது பொறியாளர்களோடு நின்றுவிடக் கூடாது. டெங்கு வந்த வீடுகளைக் குறிக்கும் சுகாதார ஆய்வாளர், பயிர்ச்சேதம் கணக்கிடும் வேளாண் அலுவலர், உட்பிரிவு அளக்கும் சர்வேயர், கார்த்திகை தீபத்தன்று கூட்டத்தைத் திருப்பிவிடும் காவலர் என அனைவரும் கேட்பது ‘எங்கே?’ என்ற கேள்வியைத்தான். அதே கேள்வியோடு 1854-இல் லண்டனில் ஜான் ஸ்நோ காலரா மரணங்களைத் தெருப்படத்தில் சிறு கோடுகளாகக் குறித்தபோது கணினியே கிடையாது.

எனவே, அரசுக் கலைக் கல்லூரிகளில் வரலாறு, தாவரவியல், வணிகவியல் மாணவர்களுக்கும் ஜிஐஎஸ்ஸை ஒரு தாளாக வைக்க வேண்டும். க்யூஜிஐஎஸ்ஸுக்குக் கட்டணம் இல்லை. செய்முறைத் தேர்வுக்கு அவரவர் ஊரின் வாய்க்கால்களையே கொடுக்கலாம். அடி அண்ணாமலைப் பிள்ளைகள் வரையும் படத்தை ஐப்பசி மழைக்கு முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும்.