கண்ணுக்குத் தெரியும் கை

சூப்பர் ஹீரோவுக்குச் சக்தி கொடுப்பது சுலபம். ஆய்வுக்கூடத்தில் ஒரு வெடிவிபத்து போதும். அவனுக்குப் பொருத்தமான ஒரு பலவீனத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பெங்களூருக்குக் காமிக் கான் வந்தது 2012இல். அங்கே ஒரே ஒரு முதல் இதழை நம்பிக் கடை விரிக்கும் சிறு பதிப்பாளர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. காரணம், அந்த ஊரிலேயே இதற்கு ஒரு முன் அனுபவம் இருக்கிறது.

2006இல் ரிச்சர்ட் பிரான்சனின் பணம், தீபக் சோப்ரா, ஷேகர் கபூர் ஆகியோரின் பெயர், பெங்களூர் ஓவியக்கூடத்தின் உழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து பிறந்தது வர்ஜின் காமிக்ஸ். அதன் ஆரம்ப வெளியீடுகளில் ஒன்று ஷேகர் கபூர் உருவாக்கிய ‘தேவி’. முகேஷ் சிங்கின் ஓவியங்கள் இன்றும் பிரமிக்க வைக்கின்றன. ஆனால் முதல் இதழைத் திறந்தால் தேவர்களுக்கும் பாலா என்ற கலகக் கடவுளுக்கும் நடக்கும் யுத்தம்தான் வரவேற்கிறது. பிறகு சீதாபூர் என்ற கற்பனை நகரம், ரகசியக் குழு, தாதாக்கள். கதாநாயகி தாரா மேத்தா தேவியாக மாறுவதைப் பார்க்க அடுத்தடுத்த இதழ்களுக்குக் காத்திருக்க வேண்டும். அவளுக்கு என்ன வேண்டும், எதை இழக்கப் பயப்படுகிறாள் என்பது வாசகருக்குப் புரிவதற்குள் இதழ் முடிந்துவிடுகிறது. பிரபஞ்சத்தின் வரலாறு தெரிந்துவிடுகிறது, பெண்ணைத்தான் தெரியவில்லை.

இதற்கு 34 ஆண்டுகளுக்கு முன், சிவகாசியில் இவ்வளவு வசதி கிடையாது. 1972இல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. சரக்கு இறக்குமதிதான்: 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் கென் பல்மர் எழுதி, ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த தொடர். ஆனால் எதை முதலில் கொடுப்பது என்ற தேர்வு சிவகாசியுடையது.

அந்தத் தேர்வு சோடை போகவில்லை. ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் மறையாது. மின்சாரத்தின் வேகம் தணிந்தால் ஆளும் தெரிந்துவிடுவான். காணாமல் போகிறவனைக் காட்டிக்கொடுக்கும் கை! உளவாளிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. கதை சொல்கிறவருக்கோ இதைவிடப் பெரிய லாபம் இல்லை. பதற்றத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதே இல்லை.

இன்னொரு துணிச்சலும் உண்டு. சக்தி கிடைத்ததும் கிராண்டேல் உலகைக் காப்பாற்றக் கிளம்பவில்லை, குற்றத்தில் இறங்குகிறான். நிழல் படையின் ரகசிய ஏஜெண்ட் ஆவதெல்லாம் பின்னால்தான்.

குறைகளும் இல்லாமல் இல்லை. விஞ்ஞானம் காதில் பூ. அவன் கெட்டுப்போனதற்கு விபத்தின் பாதிப்பே காரணம் என்று பிற்பாடு பழியைத் துடைத்தது கோழைத்தனம். உளவாளியான பிறகு விரல்களில் துப்பாக்கி, விஷவாயு, ரேடியோ என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். கையில் கருவிகள் கூடக் கூட ஆள் மீதிருந்த கவலை குறைந்தது. ஆனாலும் தமிழ் வாசகர்கள் அவனைக் கைவிடவில்லை. முத்து காமிக்ஸ் 2022இல் பொன்விழா கண்டது.

வர்ஜின் 2008இல் நியூயார்க் அலுவலகத்தை மூடி, கைமாறி, லிக்விட் காமிக்ஸ் ஆனது. அதற்கு முதல் இதழ்தான் காரணம் என்று சொன்னால் அநியாயம். ஆனால் ‘நாலாவது இதழில் சூடுபிடிக்கும்’ என்று காத்திருக்கச் சொல்ல அவர்களிடமாவது பணம் இருந்தது. சொந்தச் சேமிப்பில் 32 பக்கம் அச்சடிப்பவருக்கு நாலாவது இதழ் நிச்சயமில்லை. அவருடைய உளவாளி எந்த ரகசிய அமைப்பைச் சேர்ந்தவன், அதை எந்த நூற்றாண்டில் யார் தொடங்கினார்கள் என்பதெல்லாம் பிறகு வரட்டும். அவன் எப்படி மாட்டிக்கொள்ளக்கூடும் என்பது பத்தாம் பக்கத்துக்குள் தெரிந்தால், வாசகர் அடுத்த இதழைக் கேட்டு வாங்குவார்.