மூட்டை மாற்றுமுன் எலும்பைப் பாருங்கள்

நம் கூட்டங்களில் மூட்டுவலிப் பேச்சு வந்தாலே, "கேழ்வரகு சாப்பிடுங்க, முருங்கைக்கீரை சாப்பிடுங்க, சரியாயிடும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கேழ்வரகை நான் குறைத்துப் பேசமாட்டேன். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உள்ள தானியம் வேறு எது? ஆனால் தேய்ந்துபோன குருத்தெலும்பு கூழ் குடித்து வளராது. அறுவை சிகிச்சைதான் வழி என்றான பிறகு வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நடமாட்டம் குறைந்தால் தொடைச்சதை சூம்பும், எலும்பும் மெலியும். அந்த எலும்பில்தானே புது மூட்டைப் பொருத்தணும்?

போன வருஷம் எங்க அக்காவுக்கு மூட்டு மாற்றினோம். நாற்பது வருஷம் வெயிலில் களை எடுத்தவங்க. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு! சேலைமேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெயில் எங்கே படும்? சாப்பாட்டிலிருந்து இந்தச் சத்து கிடைப்பது சொற்பம். அது இல்லாவிட்டால் கேழ்வரகின் சுண்ணாம்பும் உடம்பில் சரியாகச் சேராது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலியும் என்பதால், டெக்சா ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. முதலில் அதற்கு வைத்தியம் தொடங்கணும்.

"மாத்திரையா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வைக்கப்போகிற மூட்டே உலோகமும் பிளாஸ்டிக்கும். அதை ஏற்றுக்கொண்டு வைட்டமின் மாத்திரையில் மட்டும் கறார் காட்டுவது என்ன கணக்கோ! அளவை மருத்துவர்தான் சொல்லணும், கூடினாலும் கெடுதல்.

சிகிச்சைக்கு முன்பே தொடைப் பயிற்சி தொடங்கலாம். காலை நீட்டிப் படுத்து, முழங்காலைப் படுக்கையில் அழுத்தி ஐந்து எண்ணும்வரை இறுக்கி விடுவது, அவ்வளவுதான். மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்தார்கள். "பாவம், வலிக்குதே" என்று அத்தை முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்க, பிசியோதெரபிஸ்ட் உடனே எடுத்துவிட்டார். அப்படியே விட்டால் கால் மடங்கினபடி விறைத்துப்போகுமாம். காயம் ஆறும்வரை தைலம், பற்று எதுவும் வேண்டாம். முட்டை, பயறு, கொள்ளு நிறையக் கொடுங்கள்.

நமக்குள் பேசவேண்டியது இன்னொன்று. களைக்கொல்லி வேண்டாம் என்றோம், சரிதான். அந்தப் பாரம் இறங்கியது குத்துக்காலிட்டுக் களை எடுக்கிற பெண்களின் முழங்காலில். மூட்டு மாற்றியவர் மறுபடி அப்படி உட்காரக்கூடாது. அக்கா தோட்டத்தில் இப்போது வரிசை நடவு, மூடாக்கு, நின்றபடி தள்ளுகிற சக்கரக் களைக்கருவி. இதையெல்லாம் முழங்கால் நல்லா இருக்கும்போதே வாங்கிப்போட நம்மில் எத்தனை பேர் தயார்?