வாகனம் மாறினால் மட்டும் போதுமா?

எரிபொருள் அரசியலை யாழ்ப்பாணத்து மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடையின்போது, சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரை ஓட்டியவர்கள் நாம். 2022இல் மீண்டும் வரிசையில் நின்றோம். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தபோது, தோட்டத்துக்கு நீர் இறைக்கும் கமக்காரனின் வயிற்றிலேயே அடி விழுந்தது.

இந்நினைவு ஆறுமுன்னர், 2020இல் விதிக்கப்பட்ட தனியார் வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கிற்று. வசதி படைத்த இல்லங்கள் சில இன்று பெற்றோலுக்கு முற்றாக விடைகொடுத்து, மின்சார வாகனங்களையே வைத்திருக்க விழைகின்றன. இதனை நாம் வரவேற்கின்றோம். ஆயின் ஒரு வினாவை எழுப்பாது விடின் கடமை தவறியவராவோம்: அவ்வாகனங்களுக்கு மின்னேற்றுவது எப்பொழுது, எங்கே?

மாலையில் வீடு திரும்பியதும் ஏற்றினால், நாடெங்கும் விளக்கெரியும் அதே வேளையில், நிலக்கரியும் எண்ணெயும் எரித்துப் பெறும் மின்சாரத்திலும் பங்கு கேட்பதாகும். அவையோ அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கப்படுபவை. அச்செலாவணி வற்றிய 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை மறத்தலாகுமா?

பகலிலோ நிலைமை நேர்மாறு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்சாரம் மிகுந்துவிட்டதென்று கூறி, கூரைகளிலுள்ள சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே மக்களை வேண்டிற்று. பகலில் மிகுதி, இரவில் தட்டுப்பாடு! அப்பகற்பொழுதில் வாகனங்களோ நீதிமன்ற வளவிலும், வைத்தியசாலை வளவிலும், கச்சேரி வளவிலும் சும்மா நிற்கின்றன.

5 கிலோவாற் தகடுகள் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 20 அலகு மின்சாரம் தரும். ஒரு சிறிய காரை 100 கிலோமீற்றர் ஓட்ட அது போதும். ஆயினும் பொது மின்கம்பியோடு மட்டும் இணைந்த தகடுகள், அக்கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தாமும் நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, கூரையில் வெயில் காய்ந்தும் அத்தகைய வீடுகளில் மின்விசிறி சுழலவில்லை. ஆகவே, முற்றாக மாற எண்ணுவோர் சேமிப்பு மின்கலத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

எமது கோரிக்கைகள் இரண்டு. பொது அலுவலக வளவுகள் தோறும் பகலில் மின்னேற்றும் வசதியும், அதற்கெனக் குறைந்த கட்டணமும் வேண்டும். அவற்றோடு, கமக்காரனின் கிணற்றடிக்குச் சூரிய வலுவில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் எளிய கடனிற் கிடைத்தல் வேண்டும். இரண்டு கார் உள்ள வீட்டுக்கு மட்டும் நன்மை தரும் கொள்கையை நாம் ஒருபோதும் ஆதரியோம்.

பெற்றோலுக்குத் தடை விதித்தார்கள். மண்ணெண்ணெய்க்குத் தடை விதித்தார்கள். வெயிலுக்குத் தடை விதிக்க எவராலும் இயலாது. அதனைப் பயன்கொள்ளும் வழியையே அடைக்க இயலும். அவ்வழியைத் திறந்துவிடுமாறு நகரத்து உத்தியோகத்தரும் கிராமத்துக் கமக்காரரும் ஒரே குரலிற் கேட்பார்களாக!