சந்திப்பிழை

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் கல்லூரித் தமிழ்மன்றத்தின் முத்தமிழ் விழாவிற்காக ஃபிளக்ஸ் பதாகை ஒன்று அச்சிட நேர்ந்தது. மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு இயல்பாகவே தமிழ்த்துறையினராகிய நம்மிடம் வந்து சேர்ந்தது. அச்சகத்தார் அனுப்பிய படியில் ‘தமிழ் துறை’ என்றிருந்ததைத் ‘தமிழ்த்துறை’ என்று திருத்தினோம். ‘வாழ்த்துக்கள்’ சரியா, ‘வாழ்த்துகள்’ சரியா என்று ஓய்வறையில் அரைமணி நேரம் வாதிட்டோம். ஒற்றுப்பிழை ஏதுமில்லை என்ற மனநிறைவோடு விடை கொடுத்தோம். கல்லூரிச் சாலை பெருஞ்சாலையோடு கூடும் முனையில் மாணவர்கள் அதைக் கட்டிவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் நம்மை நிறுத்திச் சொன்னார்: “சார், போர்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பக்கம் வர்ற வண்டி தெரிய மாட்டேங்குது.”

அப்போதுதான் உறைத்தது. எழுத்தில் சந்திப்பிழை களைந்த நாம், தெருவில் சந்தியையே பிழையாக்கி வைத்திருந்தோம். அனுமதி பெற்றோமா என்று ஒருவரும் கேட்கவில்லை, நாமும் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று மாலையே பதாகையை அவிழ்த்துவிட்டோம். வெட்கம் மட்டும் அவிழவில்லை.

விதி இல்லாமலில்லை. நகர்ப்புறங்களில் டிஜிட்டல் பதாகைகள் வைப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டில் தனி விதிகள் வகுக்கப்பட்டன. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இடத்துக்குரியவரின் இசைவும் காவல்துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். கல்விக்கூடம், வழிபாட்டிடம், மருத்துவமனை ஆகியவற்றின் முன்னும் சாலை முனைகளிலும் வைத்தலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதி எண்ணும் அது செல்லுபடியாகும் காலமும் அச்சிட்டவர் பெயரும் பதாகையின் அடியிலேயே இருக்க வேண்டும். 2023இல் புதிய நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் நடைமுறைக்கு வந்த பின்னரும், அனுமதி பெற்றே வைக்க வேண்டும் என்ற அடிப்படை மாறிவிடவில்லை.

விதியை மீறியதன் விலை நாம் அறியாததன்று. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில், சாலையின் நடுத்திட்டில் அனுமதியின்றி வைக்கப்பட்டிருந்த திருமண வரவேற்புப் பதாகை சரிந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயதுப் பொறியாளர்மீது விழுந்தது. நிலைதடுமாறி வீழ்ந்த அப்பெண்மீது தண்ணீர் லாரி ஏறியது. 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே, விளம்பரப் பலகை அமைக்கும் பணியில் அது சரிந்து மூன்று தொழிலாளர்கள் மாண்டனர். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் காற்றிலும் மழையிலும் வீழ்ந்த பெரும்பலகை 17 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாநகராட்சி வரம்பு 40 அடிக்கு 40 அடி. வீழ்ந்ததோ 120 அடிக்கு 120 அடி. அளவு பற்றிய விதி அழகுக்காக மட்டும் எழுதப்பட்டதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

‘பதாகை தமிழர் மரபுதானே?’ என்று நம் துறை நண்பர் ஒருவர் வாதிட்டார். உண்மைதான். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் கொடிகளும் பதாகைகளும் நெருங்கியிருப்பதால் வெயில் உள்ளே நுழைய இடமில்லை. ஆனால் அந்தக் கொடிகள் ஒவ்வொன்றும் வழிப்போக்கனுக்கு ஒரு செய்தியைச் சொல்லின. இங்கே தெய்வம் உறைகிறது, இங்கே வாதுக்கு வரலாம், இங்கே கள் விற்கிறார்கள், அங்கே கலம் நிற்கிறது. காண்பவனுக்குப் பயன்பட்டவை அவை. இன்றைய பதாகைகளில் பெரும்பாலானவை வைத்தவருக்கு மட்டுமே பயன்படுவன. காதணி விழாப் பதாகையில் குழந்தையின் முகம் ஓரத்தில் சிறிதாக, வாழ்த்துவோர் முகங்கள் வரிசையாகப் பெரிதாக. கடைத் திறப்பு விழாவில் கடைக்கு எப்படிப் போவது என்பதைத் தவிர மற்றெல்லாம் உண்டு.

மற்றொரு முரணையும் சொல்லியாக வேண்டும். கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதலிடம் பெறவேண்டும், தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவை 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும் என்ற விதியைத் தமிழன்பர்கள் நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். மீறும் கடையைக் கண்டால் சினக்கிறோம். அச்சினம் நியாயமே. ஆனால் நடைபாதையை அடைத்து நிற்கும் பலகை தூய தமிழில் இருந்தால் மகிழ்ந்து கடந்துவிடுகிறோம். விதி என்பது நமக்கு இனிப்பாயிருக்கும்போது மட்டும் விதியாகிவிடுமா?

சிறு வணிகரையும் ஃபிளக்ஸ் அச்சகத் தொழிலாளரையும் இது நசுக்கும் என்பார்கள். அனுமதி கேட்பது தடை விதிப்பதாகாது. உண்மையில், விதி தளர்ந்த தெருவில் நசுங்குபவர் சிறு வணிகரே. பத்தடிப் பதாகை முன்னால் நின்றால் அவருடைய மூன்றடிப் பெயர்ப்பலகை யார் கண்ணில் படும்? அலைக்கழிக்காமல் குறித்த நாளுக்குள் அனுமதி தரும் கடமை அலுவலகங்களுக்கு உண்டு என்பதையும் இதனோடு சேர்த்தே வற்புறுத்துவோம். எளிதாகக் கிடைக்காத அனுமதி, மீறுவோர்க்கு நல்ல சாக்காகிவிடுகிறது.

நாம் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. நூலைக் கையிலெடுத்தால் முதலில் பதிப்புக் குறிப்பைப் பார்ப்பது இலக்கியம் படித்தோர் வழக்கம். எந்த ஆண்டு, எந்த அச்சகம் என்று தேடாமல் நம் விரல் அடுத்த பக்கத்தைப் புரட்டாது. பதாகைக்கும் அப்படி ஒரு பதிப்புக் குறிப்பை விதி கேட்கிறது. பதாகையின் அடியில் அந்தச் சிறுவரி இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையெனில் உள்ளாட்சி அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதுவோம். நம் வீட்டுத் திருமணமானாலும் நூல் வெளியீடானாலும் அந்த வரி இல்லாமல் அச்சிடச் சொல்லாதிருப்போம்.

நம் மன்றத்தின் பதாகை இப்போது வளாகத்திற்குள், கலையரங்க வாயிலில் மட்டுமே கட்டப்படுகிறது. கூட்டம் குறைந்துவிடவில்லை. சந்திப்பிழை பார்ப்பதையும் நாம் விட்டுவிடவில்லை. இரண்டு சந்தியையும் பார்க்கிறோம்.