கோடு எந்த மொழியில் வரையப்படுகிறது?

ஜீவனஹள்ளி என்ற பெயரின் ஈற்றில் ஒரு கிராமம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழின் ‘பள்ளி’யும் கன்னடத்தின் ‘ஹள்ளி’யும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள், சொன்முதற் பகரம் கன்னடத்தில் இடைக்காலத்தில் ஹகரமாயிற்று என்பது திராவிட மொழியியலின் தொடக்கப் பாடம். அந்த ஹள்ளியைப் பெங்களூரு விழுங்கிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதன் தெருக்களில் இன்று கன்னடத்தோடு தமிழும் புழங்குகிறது. கோலார் தங்கவயலைச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களும் அங்கே உண்டு. சுரங்கம் மூடிய பிறகு வேலை தேடிப் பெங்களூருக்கு வந்தவர்களில் சிலர் இங்கேயே தங்கிவிட்டனர். மற்றவர்கள் மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, பங்காருபேட்டை வழியாக நகருக்கு வந்து, இரவில் வீடு திரும்புகின்றனர்.

இந்த மக்களுக்கும் தொகுதி மறுவரையறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்தக் கேள்வி எழுவதே, மறுவரையறை குறித்த இன்றைய தமிழ் விவாதம் எவ்வளவு குறுகிவிட்டது என்பதற்குச் சான்று.

2025 மார்ச் 22 அன்று சென்னையில் கூடிய கூட்டு நடவடிக்கைக் குழுவுக்குப் பிறகு, தமிழில் ‘மறுவரையறை’ என்ற சொல் ஏறத்தாழ ஒரே பொருளில்தான் வழங்குகிறது: மக்களவையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம்? கேள்வி நியாயமானது, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்ற வாதத்தை யாரும் எளிதில் மறுத்துவிட முடியாது. ஆயினும் மறுவரையறைக்கு இரண்டு கைகள் உண்டு. ஒரு கை இடங்களை எண்ணுகிறது. மறு கை கோட்டை வரைகிறது. 84ஆம் அரசியல் சட்டத் திருத்தம் முதல் கையைத்தான் கட்டிவைத்தது. இரண்டாவது கை 2002 முதல் 2008 வரை தடையின்றி வேலை செய்தது. அது செய்த வேலையை ஆய்வுலகம் படிக்கவில்லை. கருத்தரங்குகளில் எண்ணிக்கையைப் பற்றிய கட்டுரைகள் குவிகின்றன. கோட்டைப் பற்றிய கட்டுரையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கர்நாடகச் சட்டமன்றத்தின் 224 இடங்கள் அப்போது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2001 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 5.28 கோடி, வகுத்தால் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 2.36 லட்சம் பேர். இந்தச் சராசரியைக் கொண்டு அளந்தபோது பெங்களூரு நகர மாவட்டத்தின் தொகுதிகள் 16இலிருந்து 28 ஆயின. மொத்தம் மாறாத அவையில் ஓரிடத்தில் 12 கூடினால் மற்ற இடங்களில் 12 குறைந்தாக வேண்டும். குறைந்தவை பெரும்பாலும் ஊரகத் தொகுதிகள்.

இதில் நியாயமும் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நகர விளிம்பில் பெருத்துக்கொண்டே போன உத்தரஹள்ளி போன்ற ஒரு தொகுதியின் வாக்காளருக்கும் சிறிய ஊரகத் தொகுதியின் வாக்காளருக்கும் வாக்கின் மதிப்பு சமமாக இருக்கவில்லை. அந்த ஏற்றத்தாழ்வைக் களைந்தது சரியே. பட்டியல் பழங்குடியினருக்கான இடங்கள் 2இலிருந்து 15ஆக உயர்ந்ததும் இதே மறுவரையறையால்தான். எனவே மறுவரையறையே தீங்கு என்று கூக்குரலிடுவதில் பொருளில்லை. கோடு எப்படி, யாரைக் கேட்டு, எந்த மொழியில் வரையப்பட்டது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கோலார் மாவட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். 2008இல் வேமகல், பேத்தமங்கலம் என்ற இரண்டு தொகுதிகள் வரைபடத்திலிருந்து மறைந்தன. பங்காருபேட்டை என்ற பெயரில் ஒரு தொகுதி வந்தது. வேமகல்லின் உறுப்பினராக இருந்த கிருஷ்ண பைரே கவுடா 2008இல் பெங்களூரின் பேட்டராயனபுரத்தில் நின்று வென்றார். அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. தொகுதிகள் எங்கே போயினவோ அங்கே அரசியலரும் போகத்தான் செய்வார்கள். ஆனால் பிரதிநிதிக்கு இருந்த அந்த வழி ஊருக்கு இல்லை. வேமகல் எழுந்து பெங்களூருக்குப் போக முடியாது.

பேத்தமங்கலத்தின் நிலை இன்னும் சிக்கலானது. பாலாற்றை மறித்த அதன் ஏரியிலிருந்துதான் ஒரு காலத்தில் தங்கவயலுக்குக் குடிநீர் போயிற்று. 2008இல் பேத்தமங்கலத்தையும் அதைச் சுற்றிய ஊர்களையும் தங்கவயல் தொகுதியோடு சேர்த்தார்கள். கணக்கு எளியது: தங்கவயல் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம், சராசரியோ 2.36 லட்சம், பற்றாக்குறையைச் சுற்றுப்புறக் கிராமங்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். இவ்வாறு ஒரு நூற்றாண்டு வரலாறு வேறுவேறான இரண்டு சமூகங்கள் ஒரே வாக்குப்பெட்டிக்குள் வந்தன.

தங்கவயல், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்கத்துக்கு அழைத்துவரப்பட்ட தமிழ்த் தலித் தொழிலாளர்களால் உருவான ஊர். அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழ் வாசிக்கப்பட்ட ஊர். மாரிக்குப்பத்தில் தமிழ்ப் பௌத்தச் சங்கம் இயங்கிய ஊர். அதன் அரசியலும் அந்த வரலாற்றிலிருந்து முளைத்தது. 1983 முதல் 2004 வரை அத்தொகுதியில் வென்ற கட்சிகள் மூன்று: அ.தி.மு.க., மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், இந்தியக் குடியரசுக் கட்சி. கர்நாடகத்தின் பெருங்கட்சிகள் எதற்கும் அங்கே இடமிருக்கவில்லை. 2008க்குப் பிறகு நிலைமை தலைகீழானது: 2008, 2013 தேர்தல்களில் பா.ஜ.க.; 2018, 2023 தேர்தல்களில் காங்கிரஸ்.

சுரங்கம் மூடியதுதான் காரணம் என்று இதற்கு உடனே ஒரு விளக்கம் வரும். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ஆனால் மூன்றாண்டுக்குப் பின், 2004இல், இந்தியக் குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரன் அங்கே வென்றார். சுரங்கம் மூடிய பின்னும் அந்த ஊரின் அரசியல் குரல் அடங்கவில்லை. கோடு மாறிய பிறகே அது சட்டமன்றத்தை எட்டவில்லை. மறுவரையறை ஒன்றே காரணம் என்று சொல்வதும் ஆய்வன்று. வெளியேற்றம், தலித் கட்சிகளின் பிளவு, பெருங்கட்சிகளின் பணபலம் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் எல்லாக் காரணங்களையும் அடுக்கிவிட்டுக் கோட்டை மட்டும் விட்டுவிடுகிற விளக்கம் நேர்மையான விளக்கமாகாது.

இந்த இணைப்பில் வென்றது கிராமமுமன்று. பேத்தமங்கலத்து விவசாயிக்கு வேண்டியது ஏரியின் நீரும் நிலத்தடி நீரும். சாம்பியன் ரீஃப் லைன் வீட்டுக்காரருக்கு வேண்டியது வீட்டின் மீது உரிமை, நிலுவைப் பணம், காற்றடித்தால் சயனைடு மேட்டிலிருந்து பறக்கும் தூசுக்கு ஒரு முடிவு. ஒரு சட்டமன்ற உறுப்பினர் இரண்டையும் பேசலாம். இரண்டில் ஒன்றையும் பேசாமலும் வெல்லலாம். தனித்தனியே இருந்திருந்தால் தேர்தலைத் தீர்மானித்திருக்கும் இரண்டு கோரிக்கைகள், சேர்ந்திருப்பதால் ஒன்றையொன்று செல்லாக்காசாக்குகின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஒரு தாலுகாவில் மொழிகளுக்குள் பகை இருக்க வேண்டியதே இல்லை. கோடு தவறாக விழுந்தால் போதும்.

இனி சட்டத்தின் சொற்களுக்கு வருவோம். 2002ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டம் 9ஆம் பிரிவில் கோடு வரைவதற்கான அளவுகோல்களைச் சொல்கிறது: தொகுதி இயன்றவரை நிலப்பரப்பில் ஒன்றாகச் செறிந்திருக்க வேண்டும், இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றைக் கருத வேண்டும். மொழி இந்தப் பட்டியலில் இல்லை. தொழில் இல்லை. ஒரு சமூகத்தின் வரலாறும் இல்லை.

அதைவிடக் கவனிக்க வேண்டியது அறிவிப்பின் மொழி. ஆணையத்தின் முன்மொழிவு, அதாவது மக்கள் ஆட்சேபம் சொல்லக்கூடிய கட்டத்திலுள்ள வரைவு, இந்திய அரசிதழிலும் மாநில அரசிதழிலும் ‘ஆணையம் தக்கதெனக் கருதும் பிற முறையிலும்’ வெளியிடப்பட்டால் போதும். வட்டார மொழிச் செய்தித்தாள்கள் இரண்டிலாவது வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் 10ஆம் பிரிவில் வருகிறது. அது இறுதி ஆணைக்கு! இறுதி ஆணையோ சட்டத்தின் வலிமை பெற்றது, எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படாதது என்று அதே பிரிவு சொல்கிறது. பேசலாம் என்ற நிலையில் மக்களின் மொழி கட்டாயமில்லை. பேசிப் பயனில்லை என்ற நிலையில் கட்டாயம். அந்த வட்டார மொழி எது என்பதையும் சட்டம் சொல்லவில்லை. தங்கவயலின் வட்டார மொழி எது? மாநிலத்தின் ஆட்சிமொழியா, லைன் வீடுகளில் பேசப்படுகிற மொழியா? சொல்லாராய்ச்சியில் ஈடுபடும் எவரும் இந்த ஒரு சொல்லின் மௌனத்தை வைத்து ஓர் ஆய்வேடு எழுதலாம்.

மாநிலத்துக்குப் பத்துப் பேர், மக்களவையிலிருந்து ஐவரும் சட்டமன்றத்திலிருந்து ஐவரும், இணை உறுப்பினர்களாக ஆணையத்தில் அமர்கிறார்களே என்று சிலர் சொல்வர். அவர்களுக்கு அங்கே வாக்குரிமையில்லை. ஆணையில் கையொப்பமிடும் உரிமையுமில்லை. 2024இல் கிஷோர்சந்திர ரத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆணை வெளிப்படையாகத் தன்னிச்சையாக இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று கதவைச் சற்றே திறந்தது. நல்லது. ஆனால் தன்னிச்சை என்று மெய்ப்பிக்க ஆணையின் காரணங்கள் தெரிய வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் காரணத்தை எழுதி வெளியிட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

தொகுதி எல்லைக்குள் மொழியைக் கொண்டுவந்தால் மொழிவெறி வளரும் என்பது வழக்கமான எதிர்வாதம். 1956இல் மாநில எல்லைகளே மொழியை வைத்துத்தான் வரையப்பட்டன. பெரிய கோட்டுக்கு மொழி ஆகும், சிறிய கோட்டுக்கு மொழி ஆகாது என்பது என்ன நியாயம்? பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள் அவர்களின் விகிதம் ஒப்பளவில் மிகுந்த இடங்களில் அமைய வேண்டும் என்று இதே 9ஆம் பிரிவு சொல்கிறது. செறிவு ஓர் அளவுகோல் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டாயிற்று; எந்தச் செறிவு என்பதே மீதிக் கேள்வி. தமிழருக்கென்று ஒரு தொகுதியை ஒதுக்கச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து வாக்களித்துப் பழகிய ஒரு சமூகத்தைக் கலைக்குமுன் அதனிடம் அதன் மொழியில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதே கோரிக்கை. இது தமிழ்நாட்டின் எல்லைப்புறங்களில் வாழும் கன்னட, தெலுங்குச் சமூகங்களுக்கும் பொருந்தும். அங்கே இதைச் சொல்லத் தயங்குபவருக்குத் தங்கவயலுக்காகப் பேச உரிமையில்லை.

கோட்டின் ஆற்றலைத் தமிழர் ஏற்கெனவே ஒருமுறை பட்டறிந்திருக்கின்றனர். இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பு, இனத்தாலோ மதத்தாலோ வேறு எதனாலோ பொதுநலன் கொண்டு செறிந்து வாழும் மக்களைத் தொகுதி வரையும்போது கருதலாம் என்று வெளிப்படையாகவே சொன்னது. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் ஏழு பேர் வென்றனர். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. 1952இல் அவர்களின் பிரதிநிதி ஒருவர்கூட வரவில்லை. ஆனால் தொகுதிகளை வகுக்கும் மக்கள்தொகைக் கணக்கில் மட்டும் அவர்கள் தொடர்ந்து எண்ணப்பட்டனர். எண்ணப்பட்டவர்களின் பெயரால் இடங்கள் நிலைத்தன. அந்த இடங்களில் வாக்களித்தவர்கள் வேறு மக்கள். தலையை எண்ணுவதும் குரலைக் கேட்பதும் ஒன்றாகிவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டுமா?

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள் என அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன்பின் வரும் மறுவரையறையில் பெங்களூரு மேலும் பெருக்கும், கோலார் போன்ற ஊரகப் பகுதிகள் மேலும் சுருங்கும் என்று எதிர்பார்க்கச் சோதிடம் வேண்டியதில்லை. தங்கவயலிலிருந்து வெளியேறிய ஒவ்வொரு குடும்பமும் ஊரின் எண்ணிக்கையில் குறைந்து, நகரின் எண்ணிக்கையில் கூடுகிறது. வேலையில்லாமல் ஊரை விட்டவர்களைக் காரணம் காட்டியே அந்த ஊரின் இடம் பறிக்கப்படுகிறது. நகரத்திலோ அவர்கள் பல தொகுதிகளில் சிதறிய சிறுபான்மை.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, வரைவு முன்மொழிவு அந்தந்தத் தொகுதியில் கணிசமாகப் பேசப்படும் எல்லா மொழிகளிலும் ஆட்சேபக் காலத்துக்கு முன்பே வெளியாக வேண்டும். இரண்டாவது, ஒரு தொகுதியைக் கலைக்கும்போதும் இணைக்கும்போதும் அதற்கான காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். மூன்றாவது, கணக்கெடுப்பின் மொழி அட்டவணைகள் மறுவரையறைக்கு முன் வெளிவர வேண்டும். 2011 கணக்கெடுப்பின் மொழித் தரவு வெளியானது 2018இல். அதன்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 21 லட்சம் பேர். இந்தமுறையும் தரவு ஏழாண்டு தாமதித்தால், யார் எங்கே எந்த மொழியில் வாழ்கிறார்கள் என்பது தெரியுமுன்பே கோடு காய்ந்துவிடும்.

இம்மூன்றில் எதற்கும் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. மறுவரையறைக்கென இயற்றப்படும் அடுத்த சட்டத்தில் சில வரிகள் போதும். அந்த வரிகளை எழுதித் தரும் கடமை மொழியியல், அரசியல் அறிவியல், புவியியல் துறைகளில் இருப்போருடையது. மக்களவை இடங்களின் எண்ணிக்கைக்காக வீதிக்கு வரத் தலைவர்கள் இருக்கிறார்கள். பேத்தமங்கலத்தையும் மாரிக்குப்பத்தையும் பிரிக்கிற, இணைக்கிற கோட்டுக்காகப் பேச ஆளில்லை. ஆணையம் மீண்டும் வரைபடத்தை விரிக்கும் நாளில் ஆட்சேப மனு எழுதத் தெரிந்தவர்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். அதை எந்த மொழியில் எழுதுவது என்று இப்போதே முடிவு செய்யட்டும்.